மூச்சு சொல்லும் சேதி: ஆடு, மாடுகளின் நெஞ்சு ஓசையைக் கேட்டறிவது எப்படி?

மழைக்காலம் தொடங்கிவிட்டால், ஆட்டுக் கொட்டகையில் இருமல் சத்தம் கேட்காத ஊர் இருக்காது. தூசியால் வரும் இருமல் தானாகவே அடங்கிவிடும். ஆனால், நுரையீரலில் சளி கட்டி வரும் இருமல் மூன்றே நாளில் ஆட்டைச் சாய்த்துவிடும். தூரத்தில் நின்று கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். கிட்டப்போய், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டால்தான் வித்தியாசம் புரியும்.

'அதெல்லாம் டாக்டர் வேலை' என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். நோயை உறுதி செய்வதும், ஊசி போடுவதும் கால்நடை மருத்துவரின் வேலைதான். ஆனால், அவரை இன்றைக்கே கூப்பிட வேண்டுமா, நாளை வரை பொறுக்கலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர், ஆட்டை வளர்ப்பவர்தான். நுரையீரல் நோயில் ஒரு நாள் தாமதம்கூட பெரிய இழப்பாகிவிடும். அந்த ஒரு நாளை மிச்சப்படுத்த, மூச்சின் ஓசையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும்.

காது வைக்கும் முன் கண்ணால் பாருங்கள்

ஆட்டைப் பிடித்துவிட்டால் பயத்தில் மூச்சு வேகமாகிவிடும். அதனால் பிடிப்பதற்கு முன்பே எண்ணிவிட வேண்டும். வெயில் ஏறாத காலை நேரம், நிழலில் நின்றுகொண்டோ படுத்து அசைபோட்டுக்கொண்டோ இருக்கும்போது, பத்தடி தள்ளிப் பின்பக்கவாட்டில் நில்லுங்கள். விலாவுக்குப் பின்னால் இருக்கும் வயிற்றுப் பள்ளம் ஏறி இறங்குவது தெரியும். ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

ஓய்வில் இருக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இருக்கலாம். குட்டிகளுக்கும் கன்றுகளுக்கும் 40 வரை போகலாம். கோடை மதியத்தில் எல்லாக் கால்நடைகளுக்கும் இந்த எண்ணிக்கை கூடும். அதனால், ஒரே கொட்டகையில் இருக்கும் நல்ல ஆடு ஒன்றையும் எண்ணிப் பார்த்து ஒப்பிடுவது நல்லது. எல்லாமே வேகமாக மூச்சு விட்டால் வெக்கை. ஒன்று மட்டும் வேகமாக விட்டால் அதற்கு ஏதோ கோளாறு.

எண்ணிக்கையோடு, நிற்கும் விதத்தையும் கவனியுங்கள். கழுத்தை முன்னே நீட்டி, முன்னங்கால் இரண்டையும் அகட்டி வைத்து, மூக்குத் துளை விரிந்து நின்றால் மூச்சுக்குக் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் 'ம்ம்' என்று முனகினால் நெஞ்சில் வலி இருக்கிறது. ஓய்வில் இருக்கும் மாடு வாயைத் திறந்து நாக்கை நீட்டி மூச்சு விட்டால், வேறு எதையும் சோதித்துக்கொண்டு நேரத்தைப் போக்கக் கூடாது. உடனே மருத்துவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது வெப்பமானி. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும்போது, அது சாணத்துக்குள் குத்தி நிற்காமல், குடல் சுவரில் படும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். மாட்டுக்கு 101 முதல் 102.5, ஆட்டுக்கு 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மாடு 103-ஐயும், ஆடு 104-ஐயும் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் கேட்க வேண்டும்?

பலரும் நினைப்பதைவிட ஆடு, மாடுகளின் நுரையீரல் சிறியது. வயிற்றுப் பக்கம் காதை வைத்தால் இரைப்பையின் சத்தம்தான் கேட்கும். முன்னங்காலின் முழங்கை மூட்டு இருக்கிறது அல்லவா, அங்கிருந்து தொடங்குங்கள். அந்த மூட்டிலிருந்து, மேலே முதுகை ஒட்டி, கடைசி விலாவுக்கு இரண்டு விலா முன்னால் உள்ள இடம் வரை சாய்வாக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கும் தோள்பட்டைக்கும் நடுவில் உள்ள முக்கோணம்தான் நுரையீரல் இருக்கும் இடம்.

இந்த முக்கோணத்திலும் முக்கியமான இடம், கீழே முன்பக்கம், முன்னங்கால் அக்குளை ஒட்டிய பகுதி. ஆடு, மாடுகளுக்குச் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. காலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி வைத்துவிட்டு, அக்குளுக்குள் தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். மேல்பகுதியை மட்டும் கேட்டுவிட்டு 'நெஞ்சு சுத்தமாக இருக்கிறது' என்று முடிவு செய்தால், நோய் கீழே ஒளிந்திருக்கும்.

வலம், இடம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடம். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது மூன்று மூச்சு.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெதாஸ்கோப்பே இதற்குப் போதும். 1816-ம் ஆண்டு பாரீஸ் நகரில் லென்னக் என்ற மருத்துவர், காகிதத்தை இறுக்கமாகக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த கருவி இது. அதற்கு முன்பு வரை மருத்துவர்கள் நெஞ்சில் நேரடியாகக் காதை வைத்துத்தான் கேட்டார்கள். கருவி இல்லாதவர்கள், நெஞ்சின் மேல் சுத்தமான துண்டை விரித்து, அதன் மேல் காதை வைத்துக் கேட்கலாம். உதைக்கும் மாடாக இருந்தால் இந்த முயற்சி வேண்டாம்.

இயல்பான ஓசை எது?

இயல்பான மூச்சு, காய்ந்த இலைகளின் மேல் மெல்லிய காற்று போவதுபோல இருக்கும். உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் தெளிவாகவும், வெளியே விடும்போது இன்னும் மெதுவாகவும் கேட்கும். மெலிந்த ஆட்டுக்கும் இளங்கன்றுக்கும் நெஞ்சுச் சதை குறைவு என்பதால் ஓசை கூடுதலாகவே கேட்கும். நன்றாகக் கொழுத்த மாட்டுக்குக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டாலும் லேசாகத்தான் இருக்கும். இதெல்லாம் நோயல்ல.

கழுத்தின் அடிப்பக்கம் மூச்சுக்குழல் மேல் வைத்துக் கேட்டால், குழாயில் காற்று ஊதுவதுபோல 'ஹா, ஹா' என்று கரடுமுரடாகக் கேட்கும். அந்த இடத்துக்கு அதுதான் இயல்பு. இந்த ஓசையைக் காதில் வாங்கி நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே குழாய் ஓசை நெஞ்சின் கீழ்ப்பகுதியில் கேட்டால், பஞ்சுபோல இருக்க வேண்டிய நுரையீரல் அந்த இடத்தில் ஈரல்போலக் கெட்டியாகிவிட்டது என்று பொருள். கெட்டியான பொருள் வழியாக ஓசை சுலபமாகக் கடந்து வருவதால்தான் அப்படிக் கேட்கிறது.

ஆரம்பத்தில் குழப்பும் இரண்டு ஓசைகள் உண்டு. இடப்பக்கத்தில் இடி உருளுவதுபோல நிமிடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வருவது, இரைப்பை புரளும் சத்தம். கருவிக்கு அடியில் ரோமம் உரசினால் 'நெறுநெறு' என்று வரும். அதை நுரையீரல் ஓசை என்று நினைத்துப் பயந்துவிடக் கூடாது. ரோமத்தை லேசாக நனைத்துப் படிய வைத்துவிட்டுக் கேட்டால் இந்தச் சத்தம் போய்விடும். நெஞ்சிலிருந்து வரும் ஓசை, மூச்சோடு சேர்ந்து வந்து மூச்சோடு நிற்கும். மூச்சோடு சேராத ஓசை நுரையீரலுடையது அல்ல.

நோய் வந்த பிறகு கேட்டுப் பழக முடியாது. நல்ல ஆடு, மாடுகளை வாரம் ஒரு முறை கேட்டுக் காதைப் பழக்கி வைத்துக்கொண்டால்தான், மாறும்போது வித்தியாசம் பிடிபடும்.

கோளாறான ஓசைகள்

*நெறுநெறுப்பு:* காதுக்குப் பக்கத்தில் தலைமுடியை விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். அதே ஓசைதான். சூடான வாணலியில் கல் உப்பு வெடிப்பதுபோலவும் இருக்கும். சிறு காற்றறைகளுக்குள் நீரும் சளியும் ஒட்டிக்கொண்டு, மூச்சு இழுக்கும்போது அவை பிரிவதால் வருவது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் நுரையீரல் அழற்சி என்றே எடுத்துக்கொண்டு, அன்றைக்கே சிகிச்சைக்குக் கொண்டு போக வேண்டும்.

*கொரகொரப்பு:* ஹூக்கா குழாயில் நீர் குமிழிவதுபோலக் கேட்கும். பெரிய மூச்சுக்குழல்களில் சளி தேங்கியிருக்கிறது. ஆடு இருமிய பிறகு இந்த ஓசை மாறலாம், சில நேரம் காணாமல்கூடப் போகலாம். நெறுநெறுப்பு அப்படிச் சட்டென்று மாறாது.

*விசில்:* புல்லாங்குழலின் ஓட்டை சரியாக மூடாதபோது வருவதுபோன்ற 'கீ...' ஓசை. பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். சிறு மூச்சுக்குழல்கள் சுருங்கிவிட்டன அல்லது பாதி அடைபட்டிருக்கின்றன. பூஞ்சணம் பிடித்த வைக்கோல், தூசித் தீவனம், கொட்டகையில் தேங்கிய மூத்திர நெடி, நுரையீரல் புழு எல்லாமே இதற்குக் காரணமாகலாம்.

*உரசல்:* புதுச் செருப்புத் தோல் ஒன்றோடொன்று உரசுவதுபோல, மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கேட்கும். நுரையீரலை மூடியிருக்கும் உறை வீங்கி, விலாவில் உரசுகிறது. வலி அதிகம் இருக்கும். ஆடு ஆழமாக மூச்சு விடாமல் சின்னச் சின்னதாக விடும். விலாவில் கை வைத்து அழுத்தினால் துள்ளும்.

சத்தம் நின்றால் குணமா?

மேலே சொன்ன ஓசைகள் எல்லாம் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால், அதிகம் ஏமாற்றுவது ஓசையே இல்லாத நெஞ்சுதான். முந்தாநாள் நெறுநெறுத்த இடம் இன்றைக்கு அமைதியாக இருந்தால், 'சளி கரைந்துவிட்டது' என்று சந்தோஷப்படத் தோன்றும். அந்த அமைதிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உண்மையிலேயே குணமாகி மெல்லிய காற்றோசை திரும்பியிருக்கலாம். இன்னொன்று, அந்த இடத்துக்குக் காற்றே போகாமல் அடைபட்டிருக்கலாம், அல்லது நெஞ்சுக்கூட்டுக்குள் நீரோ சீழோ தேங்கியிருக்கலாம்.

இரண்டையும் பிரித்தறிய ஆட்டைப் பார்த்தால் போதும். மூச்சு எண்ணிக்கை குறைந்து, காய்ச்சல் இறங்கி, தீனி எடுத்தால் குணம். மூச்சு வேகம் அப்படியே இருந்து, நெஞ்சு மட்டும் அமைதியாகிவிட்டால் நோய் முற்றுகிறது.

இதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. இடது கையின் நடுவிரலை விலாக்களுக்கு இடையில் அழுத்தி வைத்து, வலது கையின் நடுவிரலால் அதன் மேல் தட்டுங்கள். காற்று நிறைந்த இடம் காலிக் குடத்தைத் தட்டியதுபோல ஒலிக்கும். நீர் நிறைந்த இடமும் கெட்டியான இடமும் தொடையைத் தட்டியதுபோல 'மொத்'தென்று இருக்கும். பலாப்பழத்தைத் தட்டிப் பதம் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. மருத்துவத்தில் இந்த முறையை 1761-ல் எழுதி வைத்த ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்புருக்கர், விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள்.

மூக்கிலும் தொண்டையிலும் பிறக்கும் ஓசை

கருவி இல்லாமல் தூரத்திலிருந்தே கேட்கும் குறட்டையும் கீச்சொலியும் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வருபவை அல்ல. மூக்கிலோ தொண்டையிலோ அடைப்பு இருக்கிறது.

நன்றாகத் தின்றுகொண்டு, காய்ச்சல் இல்லாமல், மாதக்கணக்கில் குறட்டை விடும் மாட்டுக்கு மூக்கிலிருந்து சளியும் சில நேரம் ரத்தமும் வந்தால், மூக்கின் ரத்தக்குழாய்க்குள் வாழும் ஒரு வகைப் புழுவைச் சந்தேகிக்க வேண்டும். 'சிஸ்டோசோமா நேசேல்' என்பது அதன் பெயர். மூக்குக்குள் காலிஃபிளவர்போலச் சதை வளர்ந்து காற்றை அடைக்கும். இந்த மாட்டின் சளி குளத்தில் விழும்போது புழுவின் முட்டைகளும் விழுகின்றன. அங்குள்ள தட்டையான நத்தைகளுக்குள் வளர்ந்து வெளிவரும் குஞ்சுப்புழுக்கள், நீரில் இறங்கும் மாட்டின் தோலைத் துளைத்துப் புகுந்துவிடும். எருமைகளுக்கு இந்தப் புழு இருந்தாலும் குறட்டை அவ்வளவாக வருவதில்லை. இதற்குச் சளி மருந்து எவ்வளவு கொடுத்தாலும் பலன் இல்லை. புழுவுக்கான மருந்தை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். நத்தை மண்டிய குட்டையில் மாட்டை இறக்காமல், தொட்டியில் தண்ணீர் காட்டுவதே நல்ல தடுப்பு. குட்டையில் வாத்து விட்டால் நத்தைகளைத் தின்று குறைக்கும்.

இதற்கு நேர்மாறானது தொண்டை அடைப்பான். நேற்று வரை நன்றாக இருந்த எருமையோ மாடோ திடீரென்று கடுங்காய்ச்சலில் விழும். தொண்டை வீங்கி, எச்சில் வடிந்து, மூச்சு இழுக்கும்போதெல்லாம் 'கர் கர்' என்று உறுமும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய நோய் இது. மழைக்காலத்துக்கு முன்பே ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவிட்டால் தப்பிக்கலாம்.

மூச்சு வேகம், நெஞ்சு சுத்தம்

சில நேரம் மூச்சு 60, 70 என்று ஓடும். நெஞ்சில் கேட்டால் ஒரு கோளாறும் இருக்காது. அப்போது வேறு இடத்தில் தேட வேண்டும்.

இடது வயிறு மத்தளம்போல உப்பியிருந்தால் வயிற்று உப்புசம். கண் இமையின் உள்பக்கம் வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருந்தால், குடற்புழு ரத்தத்தை உறிஞ்சிவிட்டது. அரிசி, கம்பு, மாவு என்று அளவுக்கு மீறித் தின்றிருந்தால் வயிற்றில் அமிலம் கூடியிருக்கும். வாடிய இளஞ்சோளப் பயிரையோ, வெட்டிய பின் துளிர்த்த சோளத் தட்டையையோ மேய்ந்த சில நிமிடங்களில் மூச்சு வாங்கித் தள்ளாடினால், அது சயனைடு நச்சு. மருத்துவர் வந்து ரத்தக்குழாயில் மாற்று மருந்து செலுத்தினால்தான் பிழைக்கும். இவற்றில் எதற்கும் சளி மருந்து உதவாது.

மருந்து ஊற்றும்போது வரும் ஆபத்து

ஆடு இருமியதும் பல வீடுகளில் முதலில் செய்வது, தலையை அண்ணாந்து பிடித்து, வாயில் கஷாயத்தையோ எண்ணெயையோ ஊற்றுவதுதான். நோக்கம் நல்லதுதான். ஆனால், தலை மேலே தூக்கியிருக்கும்போது விழுங்குவது கடினம். புரையேறி மருந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆடு, மாடுகளுக்கு வலது நுரையீரலின் முன்பகுதிக்குப் போகும் கிளைக்குழல், மூச்சுக்குழலில் மற்றவற்றுக்கு முன்பே தனியாகப் பிரிகிறது. புரையேறிய மருந்து பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது. அதனால், மருந்து ஊற்றிய ஓரிரு நாளில் காய்ச்சல் வந்தால், வலது அக்குளில்தான் முதலில் கேட்க வேண்டும். மூச்சில் அழுகிய நாற்றம் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. சாதாரணச் சளி, ஊற்றிய மருந்தால் உயிர்க்கொல்லியாக மாறிவிடுவது இப்படித்தான்.

இதைத் தவிர்க்க:

- தலையை முதுகின் மட்டத்துக்கு மேல் தூக்கக் கூடாது.
- நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கக் கூடாது. மூக்கைப் பொத்தக் கூடாது.
- கடைவாய் வழியாகக் கொஞ்சமாக ஊற்றி, விழுங்கிய பிறகே அடுத்த மிடறு. இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.
- எண்ணெயில் கூடுதல் கவனம் தேவை. தொண்டையில் வழுக்கிக்கொண்டு போவதால், மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலும் இருமல் வராது.
- மூச்சு வாங்கும் ஆட்டுக்கும், எழ முடியாமல் படுத்துவிட்ட மாட்டுக்கும், கன்று ஈன்றதும் பால் காய்ச்சலில் விழுந்த மாட்டுக்கும் வாய் வழியாக எதையும் ஊற்றக் கூடாது.
- மூலிகை கொடுப்பதாக இருந்தால், அரைத்து வெல்லம் சேர்த்து நாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவலாம். தானாக நக்கி விழுங்கும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

'ஆட்டுக்குச் சளி சார்' என்று சொன்னால், மருத்துவரால் போனில் எதையும் கணிக்க முடியாது. எத்தனை நாளாக, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை டிகிரி காய்ச்சல், எந்தப் பக்கம் என்ன ஓசை, தீனி எடுக்கிறதா, என்ன மருந்து ஊற்றினீர்கள், மற்ற ஆடுகளுக்கும் இருக்கிறதா? இந்த ஏழு விவரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துச் சொன்னால், வரும்போதே தேவையான மருந்தோடு வருவார். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம்.

மருத்துவர் தரும் ஊசியை, சொன்ன நாள் வரை முழுமையாகப் போட வேண்டும். இரண்டாம் நாள் ஆடு எழுந்து தின்றுவிட்டது என்று நிறுத்தினால், நோய் திரும்பும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம். ஊசி போடும் நாட்களிலும், அதன் பிறகு மருத்துவர் சொல்லும் நாள் வரையிலும் பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

வாசகர் கேள்வி - பதில்

சந்தையில் வாங்கி வந்த ஆடுகளுக்கு ஒரே வாரத்தில் இருமல் வந்து, வீட்டு ஆடுகளுக்கும் தொற்றிவிடுகிறது. என்ன செய்யலாம்?

வண்டிப் பயணமும், பட்டினியும், கூட்டமும் சேர்ந்து ஆட்டின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். புதிய ஆடுகளை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். தினமும் மூச்சை எண்ணி, வெப்பமும் பாருங்கள். காய்ச்சலோடு கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாயில் புண்ணும் கழிச்சலும் சேர்ந்தால் அது ஆட்டுக்கொல்லி எனப்படும் பி.பி.ஆர் நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த நோய்க்கான தடுப்பூசி மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்புத் தரும். குட்டிகளுக்கு மூன்று மாதம் முடிந்த பிறகு போடலாம்.

மழை, குளிருக்காகக் கொட்டகையைச் சாக்குப் போட்டு முழுவதும் மூடிவிடுகிறோம். இருந்தும் குட்டிகள் இருமுகின்றனவே?

மூடியதுதான் காரணமாக இருக்கலாம். இரவில் கொட்டகைக்குள் போய், குட்டி படுக்கும் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு அங்கே தேங்கியிருக்கிறது. அது மூச்சுக்குழலை அரித்து, கிருமிக்கு வழி திறந்துவிடும். குளிர்காற்று நேராக அடிக்கும் பக்கத்தை மட்டும், ஆட்டின் உயரத்துக்கு மறைத்துவிட்டு, கூரையை ஒட்டிக் காற்று வெளியேற இடைவெளி விடுங்கள். தரையைக் காயவைப்பது, மூடுவதைவிட முக்கியம்.

வீட்டில் இருக்கும் இருமல் சிரப்பை ஆட்டுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம். இருமல்தான் சளியை வெளியே தள்ளுகிறது. அதை அடக்கும் மருந்து கொடுத்தால் சளி உள்ளேயே தங்கிவிடும். ஊற்றும்போது புரையேறும் ஆபத்தும் உண்டு.

ஒரு மாடு மாதக்கணக்கில் இருமி, இளைத்துக்கொண்டே போகிறது. காய்ச்சல் அதிகம் இல்லை. பாலைக் குடிக்கலாமா?

காசநோயாகவும் இருக்கலாம். இந்த மாட்டைத் தனியாகக் கட்டி, மருத்துவரிடம் காட்டிச் சோதனை செய்யும் வரை, அதன் பாலைப் பயன்படுத்த வேண்டாம். முகத்துக்கு நேராக நின்று நெஞ்சைக் கேட்பதையும் தவிருங்கள். எந்த மாட்டின் பாலையும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைகளுக்கும் இப்படி மூச்சை எண்ணிப் பார்க்கலாமா?

கட்டாயம் பார்க்கலாம். அழாமல், பால் குடிக்காமல் இருக்கும் நேரத்தில், சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இருமலோடு வேகமான மூச்சும் இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, குழந்தை பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட வேண்டும்.